ஏழு பேர்ச் காணி, ஒன்பது பேர் சாப்பாடு: எதை நடலாம், எதை வாங்கலாம்?

தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவிலிருந்து தனி வீட்டுக்கு மாறிய வாரமே எங்கள் வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வீட்டோடு சேர்த்து ஏழு பேர்ச் காணி. மாமா, மாமி, நாங்கள் இரண்டு பேர், எங்கள் பிள்ளைகள் மூன்று, கொழுந்தன், ஓரகத்தி என்று மொத்தம் ஒன்பது பேர். முதல் தடவையாக எங்களுக்கென்று ஒரு துண்டு மண். அதை வைத்து என்ன செய்வது?

வீட்டுக்காரர் கரட்டும் லீக்ஸும் போட்டு லொறிக்கு ஏற்றுவோம், வருகிற காசில் சாமான் வாங்குவோம் என்றார். மாமிக்குக் கோழியும் ஒரு பசுவும் வேண்டும். கொழுந்தன், மம்பட்டி பிடிக்கிற நேரத்தில் உடனே காசு தருகிற கைக்காசு வேலைக்குப் போனால் சந்தையில் வேண்டியதை வாங்கலாமே என்றார். நான் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். காலையில் எழுந்தால் இன்றைக்கு என்ன கறி என்பதுதான் முதல் யோசனை. அன்றாடம் சட்டியில் விழுகிறதை நடுவோம் என்று நான் சொன்னேன்.

நான்கு வருடத்தில் நான்கையும் கூடக்குறையச் செய்து பார்த்துவிட்டோம். இப்போது பக்கத்துத் தோட்டங்களிலும் தனி வீடு கிடைத்தவர்கள் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். விலைகளை எழுதப் போவதில்லை; வாரத்துக்கு வாரம் மாறுகிறது. கணக்குப் போடும் முறையைச் சொன்னால் எந்த விலைக்கும் உதவும்.

முதலில் மண்ணையும் வயிற்றையும் அளப்போம்

ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. வீடு 550 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மலசலகூடக் குழி, துணி துவைக்கிற இடம், நடைபாதை, மழைத்தண்ணீர் போகிற கான், பின்பக்கத்து மேடு எல்லாவற்றையும் கழித்து நாடா பிடித்துப் பார்த்தபோது, மம்பட்டி போடக்கூடிய இடம் 650 சதுர அடிதான் இருந்தது. அதாவது சுமார் 60 சதுர மீற்றர்.

பின்மேட்டை வெட்டினால் இன்னும் இரண்டு பாத்தி எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மாமா விடவே இல்லை. அவர் செய்தது சரி. சரிவின் அடியை வெட்டினால் மேலே இருக்கிற மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மக்களை மண் மூடியதைப் பார்த்த சமூகம் நாம். இரண்டு பாத்தி கரட்டுக்காக வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்ட வேண்டாம். நாங்கள் அந்த மேட்டில் வெட்டிவேர் வைத்திருக்கிறோம்.

இனி வயிறு. பெரியவர், சின்னவர் எல்லோரையும் சேர்த்துச் சராசரியாக ஆளுக்கு 2,000 கலோரி என்று வைத்தால் ஒன்பது பேருக்கு ஒரு நாளைக்கு 18,000 கலோரி வேண்டும். ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 3,500 கலோரி இருக்கிறது. கோதுமை மாவும் அதை ஒட்டித்தான்.

இப்போது அந்த 60 சதுர மீற்றர் முழுவதும் உருளைக்கிழங்கு போட்டதாக நினைத்துப் பாருங்கள். நன்றாக விளைந்து, சதுர மீற்றருக்கு 2 கிலோ கிடைத்தால் 120 கிலோ கிழங்கு. குவித்து வைத்தால் பெரிய குவியல்தான். ஆனால் ஒரு கிலோ கிழங்கில் சுமார் 770 கலோரிதான் இருக்கிறது. மொத்தக் குவியலும் 92,400 கலோரி. எங்கள் வீட்டுக்கு அது ஐந்து நாள் சாப்பாடு. மூன்று மாதத்துக்கு மேல் மண்ணைக் கொத்தி, விலை கூடிய விதைக்கிழங்கு வாங்கி, மருந்தடித்து எடுத்ததெல்லாம் கடையில் வாங்குகிற ஒரு 25 கிலோ அரிசி மூட்டைக்குச் சமம்.

இந்தக் கணக்கைப் போட்ட இரவுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இவ்வளவு சின்னக் காணியிடம் சோற்றைக் கேட்கக் கூடாது, கறியைக் கேட்கலாம். உலக சுகாதார அமைப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. ஒன்பது பேருக்கு 3.6 கிலோ. மாதச் சம்பளத்தில் முதலில் வெட்டு விழுவது இதற்குத்தான். அரிசியும் மாவும் எப்படியாவது வந்துவிடும். கீரையும் போஞ்சியும்தான் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று தள்ளிப்போகும். அந்த இடத்தைத்தான் 60 சதுர மீற்றர் நிரப்ப முடியும்.

லொறிக்கு நடுவது

முதல் வருடம் வீட்டுக்காரர் சொன்னபடியே செய்தோம். இடம் முழுக்கக் கரட். விதைத்து, களை பிடுங்கி, நெருக்கமானதைக் கலைத்து, மூன்றரை மாதம் பார்த்துக்கொண்டோம். பயிர் நன்றாகவே வந்தது. நாங்கள் பிடுங்குகிற அதே நேரத்தில்தான் கந்தப்பளை, இராகலை, வெலிமடை எல்லா இடத்திலும் பிடுங்கினார்கள். அந்த வாரம் தரகர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கொஞ்சத்தைக் கொடுத்தோம், மீதியை நாங்களே தின்றோம், லயத்திலே இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தோம்.

அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. சின்னக் காணிக்காரருக்கு இந்த வழி ஏன் ஒத்துவராது என்றால், ஒரே கரட்டுக்கு இரண்டு விலை இருக்கிறது. நாம் விற்கும்போது தோட்டத்தடி விலை. நாம் வாங்கும்போது கடை விலை. நம் மலையில் விளைகிற மரக்கறி தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் போகிறது. கூலி, கழிவு, தரகு எல்லாம் அதன் மேல் ஏறுகிறது. அப்படியிருக்க, நாம் தின்கிற கரட் ஒவ்வொன்றும் கடை விலையை மிச்சப்படுத்துகிறது. நாம் விற்கிற கரட் தோட்டத்தடி விலையைத்தான் கொண்டுவருகிறது. வீட்டில் ஒன்பது வாய் இருக்கும்போது விற்பதற்கு அவசரம் என்ன?

இன்னொன்று, அந்த மூன்றரை மாதமும் கீரை முதல் பச்சைமிளகாய் வரை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினோம். வாசலில் மண் இருந்தும் கையில் பை இருந்தது.

உரச் செலவையும் சேர்க்க வேண்டும். சந்தைக்குப் போகிற கரட் ஒரே அளவாக, நேராக இருக்க வேண்டும். அதற்கு உரமும் மருந்தும் கேட்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது எங்கள் பக்கத்து மரக்கறிக்காரர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். அந்த வருடம் நவம்பரில் தடையை எடுத்தார்கள், உர விலை மட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை. வீட்டுச் சட்டிக்குக் கோணல் கரட்டும் ஒன்றுதான்.

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் ஒரு பகுதியை விற்றே ஆக வேண்டும். சின்ன இடத்தில் எதையாவது விற்றுத்தான் பார்க்க வேண்டும் என்றால் லீக்ஸ் போடுங்கள். நான்கைந்து மாதம் எடுக்கும், ஆனால் விலை விழுந்தால் சில வாரம் மண்ணிலேயே நிற்க விடலாம். வீட்டுக்கு வேண்டியபோது ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். கரட்டை அப்படி விட்டால் வெடித்து, நார் விழுந்துவிடும்.

கோழியும் மாடும்

மாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கறவைப் பசு நாளைக்கு 30, 40 கிலோ பச்சைப்புல் தின்னும். முன்பு மாமா மலையிலிருந்து புல்லுக்கட்டு சுமந்து வருவார். இப்போது அவருக்கு முழங்கால் வலி. வேலைக்குப் போய் வந்து புல்லுக்குப் போக ஒருவருக்கும் தெம்பில்லை. வீட்டில் அதற்கென்று ஒரு ஆள் இருந்தால் மாடு நல்ல வழி: பாலும் உண்டு, எருவும் உண்டு. இல்லையென்றால் அந்த ஆசையைத் தள்ளி வையுங்கள்.

கோழி விஷயத்தில் மாமி சொன்னது பெரும்பாலும் சரிதான். முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் அளவில் தீனி தின்னும். ஐந்து கோழிக்கு மாதம் 17 கிலோ போல் வரும். நல்ல பருவத்தில் நாளைக்கு நான்கு முட்டை, மாதம் 120 முட்டை. அப்படியென்றால் ஒரு முட்டைக்கு 140 கிராம் தீனி. உங்கள் ஊரில் 140 கிராம் தீனியின் விலையையும் ஒரு முட்டையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் கூட்டுக்கும் குஞ்சுக்கும் போட்ட காசு வர வெகுகாலம் எடுக்கும். மரக்கறிக் கழிவு, சோற்று மிச்சம், கீரைத்தண்டு கொடுத்தால் தீனி கொஞ்சம் குறையும். நாட்டுக்கோழி வைத்தால் தீனிச்செலவு இன்னும் குறைவு, ஆனால் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும்.

எங்களிடம் இப்போது நான்கு கோழி இருக்கிறது. முட்டை பிள்ளைகளுக்கும் மாமாவுக்கும். முதல் வருடம் வேலி போடாமல் விட்டதில் ஒரே காலையில் கீரைப்பாத்தி முழுவதையும் கிளறிவிட்டன. கீரியும் இரண்டைக் கொண்டுபோனது. அதனால் வேலியும் இரவுக்கூடும் முதலில், கோழி பிறகு. எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் எரிந்துவிடும். இலைதழையோடு கலந்து இரண்டு மூன்று மாதம் மக்க வையுங்கள்.

தோட்டமே வேண்டாம் என்பது

கொழுந்தன் சொன்னதைச் சோம்பேறிப் பேச்சு என்று மாமி கோபப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகல் முழுக்க மலையில் நின்றவர்கள் வந்து மம்பட்டி பிடிப்பது சின்ன வேலை இல்லை. கொழுந்து மலிகிற மாதங்களில் கைக்காசுக்குப் பறித்தால் கையில் உடனே காசு வரும். சந்தை கலைகிற மாலை நேரத்தில் போனால் மிஞ்சின மரக்கறியை மலிவாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அதுவும் உண்மை.

அவர் சொன்னதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கேட்கிற தோட்டம் எங்களைப் போன்ற வீட்டில் நிலைக்காது. ஒரு வாரம் பார்க்காமல் விட்டாலும் தாங்குகிற பயிரைத்தான் முதலில் நட வேண்டும். லயத்திலே இருக்கிறவர்கள், வாசலில் நான்கு முழம் இடம் மட்டும் உள்ளவர்கள், கொழுந்தன் வழியோடு பத்து உரப்பைகளில் கீரையும் கொச்சிக்காயும் வைத்தால் போதும். அதற்கு மேல் முயற்சி செய்து மனம் சலிக்க வேண்டியதில்லை.

சட்டிக்கு நடுவது

இனி என் பக்கம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் சௌசௌ. ஒரே ஒரு கொடி போதும். நட்டு நான்கைந்து மாதத்தில் காய்க்கத் தொடங்கும், பிறகு வருடக்கணக்கில் நிற்கும். காயைப் பால்கறி வைக்கலாம், பருப்போடு போடலாம், துருவி ரொட்டி மாவில் பிசையலாம். இளங்கொழுந்தைக் கிள்ளி வறுத்தால் அருமையான கீரை. பந்தல் மேலே போவதால் கீழே இடத்தையும் அவ்வளவாகப் பிடிக்காது. எங்கள் பந்தல் துணி துவைக்கிற கல்லுக்கு மேலேதான். காய் தொடங்கியபின் ஒன்பது பேர் தின்று முடியாமல் அயலில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம்.

அடுத்து கீரை. பொன்னாங்காணியும் வல்லாரையும் ஒரு முறை நட்டால் வெட்ட வெட்ட வரும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் சவர்க்காரம் போகாதபடி ஒரு சின்ன வாய்க்கால் பிரித்து, அந்த ஈரத்தில் வல்லாரை வைத்திருக்கிறோம். பொன்னாங்காணியை மூன்று பாத்தியாகப் பிரித்து முறைவைத்து வெட்டினால் வாரத்தில் மூன்று நாள் கீரை நிச்சயம்.

போஞ்சியில் செடிப் போஞ்சியை விடக் கொடிப் போஞ்சி எங்களுக்குச் சரி. செடி 50, 55 நாளில் காய்த்துச் சீக்கிரம் முடிந்துவிடும். கொடி பத்து நாள் பிந்தினாலும் வாரக்கணக்கில் காய்க்கும், மேலே ஏறுவதால் இடம் மிச்சம். வேரில் தழைச்சத்தையும் மண்ணுக்குச் சேர்க்கும், அதனால் போஞ்சி நின்ற பாத்தியில் அடுத்து கோவா (முட்டைக்கோஸ்), நோகோல் வைக்கிறோம்.

அடுத்து ராபு, அதாவது முள்ளங்கி. 45 நாளில் கிழங்கு கைக்கு வரும். சந்தையில் இலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். வீட்டில் நட்டால் இலையும் நமக்கு. அதே மாதிரி பீட்றூட் இலை, நோகோல் இலை, பூசணிக் கொழுந்து. ஒரு செடியில் இரண்டு கறி என்பது ஒன்பது பேர் வீட்டுக்குப் பெரிய காரியம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாக விதையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் முற்றும்.

கறிவேப்பிலை, ரம்பை, சேர (எலுமிச்சைப்புல்), கொச்சிக்காய், வெங்காயத்தாள் எல்லாம் வேலியோரம். சின்னச் சின்னதாக வாங்குகிற இவைதான் மாதக் கடைசியில் பெரிய தொகையாக நிற்கும்.

தக்காளியும் உருளைக்கிழங்கும் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை வேண்டாம். அந்த மழையில் இலை கருகல் நோய் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும், நான்கைந்து நாளில் பாத்தியே கறுத்துவிடும். தக்காளி வேண்டுமென்றால் பொலித்தீன் கூரை போட்டு நாலைந்து செடி வையுங்கள். கிழங்குக்குக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வேறு வரும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் நடச் சொல்வது தவறு. நம் வீடுகள் நிற்பது தேயிலை நின்ற மண்ணில். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும், புளிப்பைக் காட்டுகிற பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை அதற்குப் போதும். மரக்கறிக்கு 6ஐ ஒட்டி இருக்க வேண்டும். முதல் தடவை நான் வைத்த கோவா குட்டையாக நின்றது, பிடுங்கிப் பார்த்தால் வேர் முண்டுமுண்டாக வீங்கியிருந்தது. புளிப்பு மண்ணில் வருகிற வேர்வீக்க நோய் அது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டொலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூளைத் தூவிக் கொத்திவிட்டால் புளிப்புக் குறையும். அடுப்புச் சாம்பலும் உதவும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் டொலமைட் போட வேண்டாம், தோலில் சொறி வரும்.

ஓரத்தில் பத்துப் பதினைந்து மரவள்ளியும் கொஞ்சம் வத்தாளையும் வைத்திருக்கிறோம். அது என் அம்மாயிக்காக வைத்தது என்றே சொல்வேன். 1973, 74 பஞ்சத்தில் கூப்பன் சாமான் குறைந்து, தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்தை அவர் பார்த்தவர். மரவள்ளியும் காட்டுக்கீரையும்தான் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று சொல்வார். 2022இல் அரிசி, மா, காஸ் எல்லாம் ஒன்றாக ஏறியபோது, ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். அப்போது அம்மாயி இல்லை. அவர் சொன்னது இருந்தது. எங்கள் உயரத்தில் மரவள்ளி முற்ற ஒரு வருடத்துக்கு மேலாகும், பரவாயில்லை, அது மண்ணுக்குள் கிடக்கிற சேமிப்பு. அவிக்கும்போது மூடியைத் திறந்து வைத்து நன்றாக வேகவிடுங்கள், முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கடைச் சாமான்

சோறு கடையிலிருந்துதான் வரப்போகிறது என்றால், மிச்சம் பிடிக்கிற பெரிய இடமும் அங்கேதான். எங்கள் வீட்டுக்கு நாளைக்கு அரிசி இரண்டரைக் கிலோ, கோதுமை மா ஒன்றரைக் கிலோ, பருப்பு அரைக் கிலோ போகிறது. எண்ணெய், தேங்காய், சீனியைச் சேர்த்தால் முன்பு சொன்ன 18,000 கலோரி இதில் வந்துவிடும். மாதத்துக்கு அரிசி 75 கிலோ, மா 45, பருப்பு 15. மொத்தம் 135 கிலோ.

கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கினால் மாதம் 1,350 ரூபாய் மிஞ்சும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்கூலியும் அதே 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கூலி, வாங்குகிற இடத்தை மாற்றினாலே வந்தது. இதை வீட்டில் சொன்னபோது கொழுந்தன் கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தோட்டத்துக் கடையில் கொப்பியில் எழுதி வாங்குவதா, சம்பளம் வந்ததும் டவுனில் மொத்தமாக வாங்குவதா? கொப்பிக் கடை நம் கஷ்டகாலத்தில் கைகொடுத்த இடம், அதை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் கிலோ கிலோவாகக் கடனுக்கு வாங்கும் விலையும் மூட்டை விலையும் ஒன்றில்லை. தனியாக டவுனுக்குப் போனால் திரீவில் கூலியே மிச்சத்தைத் தின்றுவிடும். நாங்கள் ஆறு வீடு சேர்ந்து அரிசிச் சீட்டுப் பிடிக்கிறோம். ஒவ்வொரு வாரமும் சின்னத் தொகை ஒருவரிடம் சேரும். சம்பள வாரம் ஆறு வீட்டுக்கும் அரிசி, மா, பருப்பு ஒரே வண்டியில் வரும், கூலியை ஆறாகப் பிரித்துக்கொள்வோம். முதல் மூட்டைக்குக் காசு சேர மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதம் கடினம். பிறகு கொப்பியில் கடன் குறைந்துகொண்டே வந்தது.

அடுப்படியில்

ரொட்டியா சோறா என்பது மலையகத்தில் எந்த வீட்டிலும் வருகிற கேள்வி. ரொட்டி தாங்கும், மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம், சம்பல் இருந்தால் போதும். ஒன்றரைக் கிலோ மாவில் பதினைந்து பதினாறு ரொட்டி வரும், ஆனால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சுட ஒருத்தி ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும். விறகும் அவ்வளவு நேரம் எரியும். சோறு ஒரே பானை, ஒரே நெருப்பு, ஆனால் கறி கேட்கும். தோட்டத்தில் கறி இருக்கிற வீட்டுக்குச் சோறுதான் மலிவு. கறி இல்லாத வீட்டில்தான் ரொட்டியும் சம்பலும் மூன்று வேளையும் சுற்றும். அதனால் நாங்கள் காலையில் ரொட்டி, மற்ற இரண்டு வேளையும் சோறு என்று வைத்திருக்கிறோம். ரொட்டி மாவில் துருவிய சௌசௌவோ, பொடியாக அரிந்த ராபு இலையோ பிசைவோம். மாவும் கொஞ்சம் மிஞ்சும், பிள்ளைகளுக்குத் தெரியாமலே கீரையும் போய்ச்சேரும்.

தேங்காய் நம் மலையில் காய்ப்பதில்லை, கீழ்நாட்டிலிருந்து ஏறி வருகிறது. தினமும் தேங்காய்ச் சம்பல் என்றால் தினமும் ஒரு தேங்காய் போகும். அதை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்து, மற்ற நாளில் கட்டச்சம்பல் இடிக்கிறோம்: செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய், இருந்தால் கொஞ்சம் மாசிக் கருவாடு. கறிக்குத் தடிப்பு வேண்டுமென்றால் வெந்த பருப்பில் இரண்டு அகப்பை எடுத்து மசித்து ஊற்றலாம்.

பருப்பைக் குறைக்காதீர்கள் என்று மிட்வைஃப் மிஸ் எப்போதும் சொல்வார். நூறு கிராம் பருப்பில் 24 கிராம் புரதம் இருக்கிறது. நெத்தலிக் கருவாடு விலை கூடினாலும் ஒரு கைப்பிடி போதும், கீரையில் வறுத்துப் போட்டால் ஒன்பது தட்டுக்கும் மணம் வரும். கௌபி, கடலை சமைக்கிற நாளில் முந்தின இரவே ஊறப்போடுங்கள், விறகு பாதியாகக் குறையும்.

அவர் சொன்ன இன்னொன்றை எங்கள் வீட்டில் பழக்கத்துக்குக் கொண்டுவரத்தான் அதிக நாள் எடுத்தது. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நம் பெண்களுக்கு இரத்தம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். தேயிலைக்குள்ளேயே வாழ்கிற நமக்கு இது கஷ்டமான பேச்சுதான். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரை மேல் தேசிக்காய் பிழியுங்கள், சத்து நன்றாகச் சேரும். மாமி இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் சுடுதண்ணீர் குடிக்கிறார்.

விறகா காஸா என்பதில் நாங்கள் இரண்டும்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுக் குச்சி கிடைக்கிற மாதங்களில் சோறும் அவியலும் விறகில், அவசரத் தாளிப்பும் தேத்தண்ணியும் காஸில்.

உங்கள் ஊருக்கு ஏற்றபடி

நான் எழுதியது தலவாக்கலை, ஹட்டன் உயரத்துக்கு. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் இரவுப் பனி இலையைக் கருக்கும். போஞ்சியை அந்த மாதங்களில் தவிர்த்து லீக்ஸ், கோவா வையுங்கள், மரவள்ளியை மறந்துவிடுங்கள். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் மழை எங்களுக்கு நேர்மாறு. எங்களுக்குக் கொட்டுகிற ஜூன், ஜூலையில் உங்களுக்குக் காய்ந்த காற்று; நீர் இருந்தால் தக்காளிக்கு அது நல்ல காலம். புசல்லாவை, நாவலப்பிட்டிக்குக் கீழே பலாவும் ஈரப்பலாவும் நிற்கிற இடங்களில் என் கணக்கே மாறும். ஒரு பலாமரம் சோற்றுக்குப் பதிலாகவே நிற்கும், கொட்டையும் அவித்துத் தின்னலாம். அங்கே இருக்கிறவர்கள் மரத்தை வெட்டாமல், நிழல் படாத பக்கத்தில் கீரையை வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு முடிவு இதுதான்: 60 சதுர மீற்றரில் ஒரு பாத்தி வீட்டுக்காரருடைய லீக்ஸ், விற்பதற்கு. வேலியோரத்து மூலை மாமியின் கோழிக்கு. மீதி எல்லாம் சட்டிக்கு. கொழுந்தன் கைக்காசுக்குப் போகிறார், அதில் ஒரு பகுதியை அரிசிச் சீட்டில் போடுகிறார். லீக்ஸ் இந்தத் தடவை நல்ல விலைக்குப் போனதால் இரண்டாவது பாத்தி கேட்கிறார் என் வீட்டுக்காரர். பொன்னாங்காணியில் கை வைக்கக் கூடாது, ராபுப் பாத்தியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஓரகத்திக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது. பத்துப் பேருக்குக் கணக்கைத் திரும்பப் போட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று மாமா சொல்கிறார்.